ஈசானிய மூலையில் பத்து நாள்

நாள் 1, பாங்காக்

"புழு படிக்கப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதே. ட்ரெயினிங்னு மட்டும் சொல்லு" என்று சொல்லித்தான் அம்மா விமானம் ஏற்றிவிட்டாள். குடியேற்ற அதிகாரி என்ன படிப்பு என்று கேட்டபோது அது ஞாபகம் வந்து, "ட்ரெயினிங்" என்றேன். "என்ன ட்ரெயினிங்?" என்றார் அவர். சரி, தப்பிக்க முடியாது. ஒட்டுண்ணியியல் என்றேன். அவர் முத்திரை குத்திவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

தாய் மொழியில் வயிற்றுப் புழுவுக்குப் பெயர் 'ப்பயாத்'. எங்கேயோ கேட்ட சொல்லாக இருக்கிறதே என்று நாள் முழுக்க மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது. நம் 'வியாதி'யேதான். வடமொழியிலிருந்து இரண்டு பக்கமும் போன சொல். நமக்கு எல்லா நோயும் வியாதி. அவர்களுக்கு அதே எழுத்துக் கூட்டலில் புழுவும் வியாதி. புழு எவ்வளவு படுத்தியிருந்தால் ஒரு ஜனம் பொதுச்சொல்லை எடுத்து அதற்குப் பெயராக வைத்திருக்கும்!

நாங்கள் ஆறு பேர். லாவோஸ், நேபாளம், கானா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், நான். மஹிடோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் புலத்தில் இரண்டு நாள் வகுப்பு. 1960-இல் தொடங்கிய இடம் இது. அப்புறம் எட்டு நாள் வடகிழக்கில், கோன் கென் நகரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும்.

நாள் 2, இன்னும் பாங்காக்

காலை வகுப்பு. மதியம் படகேறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனோம். சிரிராஜ் மருத்துவமனை 1888-இல் திறந்தது, தாய்லாந்தின் முதல் நவீன மருத்துவமனை. அதன் அருங்காட்சியகத்தில் ஒட்டுண்ணிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடி ஜாடிகளில் நாடாப்புழுக்கள், யானைக்கால் நோயின் விளைவுகள். கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு யானைக்கால் புதிதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு தாத்தாக்கள் வேட்டியைத் தாழக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். ஜாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்ட சுற்றுலாப் பயணிகளைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது. எடுத்துக்கொள்ளட்டும், போ.

மாலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டிய கோயில், இன்று கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டதும்தான் இரண்டு நாள் படபடப்பு அடங்கியது.

நாள் 3, கோன் கென்

இரவு ரயிலில் கிளம்பி விடியலில் வந்து இறங்கினோம். பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே அறுவடைக்கு நிற்கும் நெல். தஞ்சாவூர் போலவே இருந்தது, மண்தான் வேறு நிறம்.

இந்த வடகிழக்குப் பகுதிக்கு 'ஈசான்' என்று பெயர். ஈசானிய மூலை என்றால் நம் வீட்டில் பூஜையறைக்கும் கிணற்றுக்கும் ஒதுக்குகிற வடகிழக்கு. அதே சொல், அதே திசை. நாட்டு ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கேதான். பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாக வருவதும் இங்கேதான். அதற்குக் காரணம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, இலை மாதிரித் தட்டையான ஒரு புழு. ஓபிஸ்தார்க்கிஸ் விவெரினி. ஊர்க்காரர்கள் 'ஈரல் இலைப்புழு' என்று பொருள்படும்படி கூப்பிடுகிறார்கள். விஞ்ஞானப் பெயரைவிட அது தேவலை.

விவெரினி என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. 1886-இல் பாரிஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு மீன்பிடிப் பூனையின் உடலில் இதைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பூனையின் இனப்பெயர்தான் புழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. மனிதரிடம் கண்டுபிடித்தது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான். பூனையையும் மனிதரையும் ஒரே மாதிரி பிடிக்கிற புழு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது பச்சை மீன்.

எங்களுக்குப் பொறுப்பான ஆசிரியையை எல்லோரும் 'அஜான்' என்று அழைக்கிறார்கள். ஆச்சாரியார் என்பதன் சுருக்கம் என்று நினைத்தால் நமக்கும் வாயில் சுலபமாக வருகிறது. ஐம்பது வயதிருக்கும். முதல் கேள்வியே, "உங்களில் யார் நன்றாகச் சமைப்பீர்கள்?" பிலிப்பைன்ஸ் பையன் மட்டும் கை தூக்கினான். "நல்லது. இந்தப் புழுவைப் புரிந்துகொள்ள அடுப்படி தெரியணும்."

நாள் 4, ஆய்வகம்

இன்றைக்கு என் மானம் போன நாள். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

மலத்தில் புழு முட்டைகளை எண்ணுகிற கேட்டோ-காட்ஸ் முறை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜவ்வாது மலை கிராமங்களில் இரண்டு வருஷம் மல டப்பா சேகரித்திருக்கிறேன். வாங்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், திருப்பித் தரும்போது துண்டில் சுற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவார்கள். மலத்தைச் சல்லடையில் தேய்த்து, துளையுள்ள அச்சில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம். மேலே, கிளிசரினும் மாலக்கைட் பச்சையும் கலந்த கரைசலில் ஊறிய செல்லோபேன் துண்டு. கவிழ்த்து அழுத்தினால் பச்சையாக ஒரு வட்டம். அதிலிருக்கும் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று கிடைக்கும். 41.7-ஐ 24-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஆயிரம் வரும், அவ்வளவுதான் கணக்கு.

முதல் ஸ்லைடு போட்டேன். கொக்கிப்புழு முட்டை இரண்டு கண்ணில் பட்டது. பழைய சிநேகிதர்கள். சந்தோஷமாக நேபாளப் பெண்ணுக்குக் காட்டக் கூப்பிட்டேன். அவள் கை கழுவி வர நேரமானது, நடுவில் எல்லோருக்கும் காபி வந்தது, நானும் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் முட்டை இல்லை. ஸ்லைடு முழுக்கத் தேடினேன். காணோம்.

கிளிசரின் எல்லாவற்றையும் தெளிய வைக்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் தெளிந்து காணாமல் போய்விடும். இதை நானே களப்பணியாளர்கள் முப்பது பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அஜான் ஒன்றும் சொல்லவில்லை. என் காபிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்து, "நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் அதைவிட மோசம். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குகூட நீளம் இருக்காது. ஒரு பக்கம் மூடி, மூடி உட்காரும் இடத்தில் தோள்பட்டை மாதிரி ஒரு விளிம்பு, மறுமுனையில் சின்னக் குமிழ். பழைய கூஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பதினேழு எண்ணினேன். அஜான் எண்ணியது ஐந்து. மீதிப் பன்னிரண்டும் குடலில் வாழும் வேறு சின்னத் தட்டைப்புழுக்களின் முட்டைகள். அளவும் நிறமும் கிட்டத்தட்ட அப்படியே. தோள்பட்டைதான் சரியாக எழும்பவில்லை. அந்தப் புழுக்களும் மீன் வழியாகத்தான் வருகின்றன, ஆனால் பித்தநாளத்துக்குப் போவதில்லை. என் கணக்கை நம்பினால் ஒரு ஊரின் ஆபத்தை மூன்று மடங்குக்கும் மேல் ஏற்றிச் சொல்லியிருப்போம்.

ராத்திரி விடுதியில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால்கூடத் தோள்பட்டை இருக்கிறதா என்று தேடுகிறது கண்.

நாள் 5

கழுத்து வலி. அறுபது ஸ்லைடு. தோள்பட்டை இப்போது தெரிகிறது.

நாள் 6, ஏரியும் எலுமிச்சையும்

காலை முழுக்க முழங்கால் சேற்றில் நத்தை பொறுக்கினோம். பிதினியா என்ற சின்ன நத்தை. சுண்டுவிரல் நகத்துக்கு மேல் பெரிதில்லை. வயலிலும் வாய்க்காலிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிறது. மழைத் தண்ணீரோடு போகும் மலத்தில் முட்டை, அதை நத்தை தின்னும், உள்ளே பொரிந்து பல்கிப் பெருகும், வாலுள்ள குஞ்சுகளாக வெளியே வந்து கெண்டைக் குடும்பத்து மீன்களின் உடம்பில் புகுந்து உறையிட்டுக்கொள்ளும். அதோடு காத்திருக்கும், பூனையோ மனிதரோ வரும்வரை.

நத்தைகளைக் குவளைகளில் போட்டு விளக்குக்குக் கீழே வைத்தோம். வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் வெளியே வரும். நாங்கள் பொறுக்கியது இருநூற்றுச் சொச்சம். ஒன்றிலிருந்தும் வரவில்லை. கானாக்காரர், "இவ்வளவு சேற்றுக்கு இதுவா?" என்று முனகினார். பெரும்பாலான இடங்களில் அப்படித்தானாம், நூறு நத்தைக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அந்த ஒன்று நாள்தோறும் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருக்கும், மீன்கள் எல்லாமாகச் சேர்ந்து அதை வாங்கிக்கொள்ளும்.

மதியம் மீன். விரல் நீளக் கெண்டைகளை அரைத்து, பெப்சினும் அமிலமும் சேர்த்து, உடல் சூட்டில் வைத்தோம். நம் இரைப்பை செய்கிற வேலையைக் குடுவைக்குள் செய்வது. மீன் கரைந்து போனது, அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் பார்த்தால் நீள்வட்ட உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கரும்பழுப்பாக ஒரு வளையம். உள்ளே புழு புரண்டு படுக்கிறது. ஆம், அசைகிறது. தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற குழந்தை மாதிரி.

அப்புறம் அஜான் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தார். ஈசானில் 'கொய் ப்லா' என்றொரு சாப்பாடு. பச்சை மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச்சாறு, மிளகாய், மீன்சாறு, வறுத்து இடித்த அரிசி, புதினா எல்லாம் போட்டுப் பிசைவது. சில ஊர்களில் புளிப்புக்குச் செவ்வெறும்பைச் சேர்ப்பார்கள். சாறு பட்டதும் மீன் வெளுத்துவிடும். பார்க்க வெந்த மாதிரியே இருக்கும். "வெந்த மாதிரி இருப்பது வேறு, வேவது வேறு" என்று சொல்லிக்கொண்டே அந்த உறைகள் மேல் சாற்றைப் பிழிந்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். புரண்டுகொண்டுதான் இருந்தது.

சாராயம் குடித்தால் புழு செத்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டாம். அதற்குச் செய்முறைப் பாடம் நடத்தத் தேவையில்லை, ஊரே நடத்திக்கொண்டிருக்கிறது என்றார்.

மாதக்கணக்கில் ஊறிய 'ப்லா ரா'வில் உப்பு புழுவைக் கொன்றுவிடுகிறது. சில நாள் மட்டும் புளிக்கவைக்கிற 'ப்லா ஸோம்' அப்படியில்லை. ப்லா ரா ஜாடியைத் திறந்தபோது மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு நாகப்பட்டினத்து அத்தை வீட்டுக் கருவாட்டுப் பானை ஞாபகம் வந்து பசித்தது.

நாள் 7, மருத்துவமனை

அல்ட்ராசவுண்ட் பிரிவு. கோன் கென் பல்கலைக்கழகம் 2013-இலிருந்து பித்தநாளப் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கிராமத்திலேயே படுக்கவைத்து ஈரலைப் பார்ப்பது. திரையில் மருத்துவர் காட்டினார்: பித்தநாளத்தைச் சுற்றி வெள்ளையாக, நூல் கட்டின மாதிரி. தழும்பு. புழு உறிஞ்சிகளால் சுவரைக் கடித்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலும் உள்ளே வாழும். அது உண்டாக்குகிற அழற்சி, அது சுரக்கிற வளர்ச்சிப் புரதம், புளித்த உணவிலிருந்து வருகிற நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருள் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது வருஷத்தில் புற்றாகிறது. 1994-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை, புற்று உண்டாக்குகிறவற்றில் புகையிலை இருக்கிற அதே முதல் வரிசையில் சேர்த்தது.

கண் மஞ்சளான பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். அப்போது அறுவைக்கு நேரம் கடந்திருக்கும், வேறு முழுத் தீர்வும் கிடையாது. வெளியே பெஞ்சில் ஒரு அம்மாவும் மகனும். மகனுக்கு என் அண்ணன் வயது. கண் மஞ்சள். அந்த அம்மா எங்களுக்கெல்லாம் கைகூப்பி, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

நாள் 8, லாவா ஏரி

நான் இந்தப் பயணத்துக்கு விண்ணப்பித்ததே லாவாவுக்காக. ஏரியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிராமங்கள். 2007 வாக்கில் பல்கலைக்கழகக் குழு இங்கே வேலை ஆரம்பித்தபோது சராசரியாக நூற்றுக்கு அறுபது பேரிடம் புழு இருந்தது. மாத்திரையோடு நிறுத்தாமல் பூனைகளுக்கு மருந்து, பள்ளியில் பாடம், ஏரியில் மீனையும் நத்தையையும் கண்காணிப்பது, வீடு வீடாகப் பேசுவது என்று எல்லாம் சேர்த்துச் செய்தார்கள். தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இதில் பாதி வேலை கிராம சுகாதாரத் தொண்டர்களுடையது. 1977-இலிருந்து இருக்கிற அமைப்பு, நாடு முழுக்கப் பத்து லட்சம் பேருக்கு மேல். எங்களைக் கூட்டிப்போனது அறுபது வயது அம்மா ஒருவர். 'பா' என்று கூப்பிடச் சொன்னார்கள், பெரியம்மா என்று அர்த்தம். அவர் பேசுவது ஈசான் மொழி, லாவோஸ் பையனுக்கு அது தாய்மொழி மாதிரியே. அவன்தான் மொழிபெயர்ப்பு.

டப்பா வாங்கப் போன ஆறாவது வீட்டில் நெல் அறுவடை முடிந்த விருந்து. உட்கார்த்திவிட்டார்கள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி, பப்பாளிக்காய்ச் சாலட், நடுவில் ஒரு தட்டு. கொத்திய மீன், புதினா, வெளுத்த நிறம். வீட்டுக்கார மாமா அந்தத் தட்டைத்தான் என் பக்கம் தள்ளினார்.

நான் பாவைப் பார்த்தேன். பா கூரையைப் பார்த்தார்.

"இதில் புழு இருக்கும் என்று தெரியுமா என்று கேள்" என்றேன் லாவோஸ் பையனிடம். கேட்டான். மாமா சிரித்துவிட்டு, ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார்: நத்தை, மீன், ஈரல், புற்று. ஒரு படியும் விடவில்லை. அவருடைய அண்ணன் அதில்தான் போனார். மூன்று தடவை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். "அப்புறம் ஏன்?" என்றதற்கு, "மாத்திரைதான் இருக்கிறதே" என்றார்.

என் பையில் அச்சடித்த கேள்வித்தாள் இருந்தது. 'புழு எப்படிப் பரவுகிறது தெரியுமா? ஆம் / இல்லை.' இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் எல்லோரும் ஆம்தான். நாங்கள் அதை வைத்து மதிப்பெண் போட்டு, விழிப்புணர்வு கூடியது என்று எழுதுவோம். மாத்திரை புழுவைக் கொல்லும், ஆனால் அடுத்த விருந்தைத் தடுக்காது. புழு போவதும் திரும்ப வருவதுமாக இருந்தால் ஈரலுக்கு நல்லதா என்பதே இங்கே ஆய்வாளர்கள் கவலைப்பட்டுப் பேசுகிற விஷயம். ஆனால் அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? இலவசமாகக் கையில் கொடுத்தவர்கள் நாம்தானே.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. கல்யாண வீட்டில் ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, "ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கறேன்" என்பார். இந்த மாமாவிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

கடைசியில் பா எழுந்தார். பேச்சே இல்லை. அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார், சட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. மாமா கத்தினார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் அதே மிளகாய், அதே எலுமிச்சை, அதே அரிசிப்பொடியோடு வதக்கிய மீனாகத் திரும்பி வந்தது. நான் மூன்று பிடி சாப்பிட்டேன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "ருசி செத்துப் போச்சு" என்றார். இன்னொரு வாயும் வைத்தார்.

திரும்பும் வண்டியில் அஜானிடம் சொன்னேன். சின்ன வயதில் அவரும் சாப்பிட்டவராம். "என் அம்மா பிசைவது மாதிரி யாருக்கும் வராது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேகவைத்த மீனில் அந்த இனிப்பு வராது. அது உண்மை. அதை மறுத்துப் பேசினால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார்.

நாள் 9

முடிவுகள். மாமாவுடைய ஸ்லைடில் தோள்பட்டையோடு நான்கு முட்டை. இந்தத் தடவை அஜானும் நான்குதான் எண்ணினார். நாலு பெருக்கல் 24, கிராமுக்கு 96. லேசான தொற்று. மாத்திரை பிரசிகுவாண்டல், ஒரு கிலோ எடைக்கு 40 மில்லிகிராம். மாமாவின் எடை 58, அதனால் 2320. ஒரு மாத்திரை 600, நான்கு மாத்திரை, ஒரே வேளை. கசப்பு, தலைசுற்றும், சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போடணும்.

பாவோடு போய்க் கொடுத்தோம். மாமா வாங்கி எண்ணிப் பார்த்தார். எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, லாவோஸ் பையன் வழியாகச் சொன்னேன்: இது பழைய புழுவைக் கொல்லும், நாளைக்கு வரப்போவதைத் தடுக்காது. மாமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு ஜவ்வாது மலையிலேயே பழக்கம். என்ன அர்த்தம் என்று அங்கேயும் கண்டுபிடித்ததில்லை.

கேள்வித்தாளில் அந்த 'ஆம் / இல்லை'யை அடித்துவிட்டு, 'கடைசியாகப் பச்சை மீன் சாப்பிட்டது எப்போது, யாரோடு?' என்று எழுதி அஜானிடம் கொடுத்தேன். 'யாரோடு' என்பதற்குக் கீழே அவர் கோடு போட்டார்.

நாள் 10, ரயில்

பா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். வாழையிலைப் பொட்டலம் ஒன்று கையில் திணித்து, "ஸுக், ஸுக்" என்றார். சந்தோஷமாக இரு என்கிறார் போல என்று நினைத்து நானும் "ஸுக்" என்றேன். லாவோஸ் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நம் 'சுகம்' இங்கே ஸுக். 'வெந்தது' என்பதற்கும் ஸுக்தான், எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே. அவர் சொன்னது இரண்டாவது.

வண்டி நகர்ந்து நெல்வயல்கள் வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒட்டரிசிச் சோறு, சுட்ட மீன் இரண்டு, காகிதத்தில் மடித்த மிளகாய்த் துவையல். ஒரு மீனை எடுத்து நடுவில் பிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முள்வரை வெந்திருந்தது.